கல்லடியில தட்டல் வைத்தியம்: போகலாமா, குடுக்கிற காசுக்குப் பெறுமதியா?

முதல்ல முடிவச் சொல்லிர்றன், முழுக்க வாசிக்கப் பஞ்சிப்படுற ஆக்கள் இதோட போயிரலாம். அஞ்சு நட்சத்திரத்துக்கு மூண்டரை குடுப்பன். நித்திரை வராம, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு, நெஞ்ச யாரோ இறுக்கிப் பிடிச்ச கணக்கா வருஷக்கணக்கில திரியிற ஆக்கள் எண்டா போய்ப் பாருங்க, பிரயோசனம் இருக்கு. ஆனா விரலால தட்டின உடன பழைய காயமெல்லாம் கழண்டு விழுந்திரும், ஆஸ்பத்திரிக் குளிசையத் தூக்கி எறியலாம் எண்டு யாரும் சொல்லி அத நம்பிப் போறீங்க எண்டா அவங்க எடுக்கிற 2000 ரூபாய்க்கு நல்ல மீனா வாங்கிக் கறி ஆக்கிச் சாப்பிடுங்க.

இடம் மட்டக்களப்பு கல்லடி, மெயின் றோட்டில இருந்து உள்ள போற ஒரு ஒழுங்கையில ஒரு வீட்டுட முன்னறை. பேர் போடமாட்டன், ஏனெண்டா அவங்களே வாசல்ல போர்ட் போடல்ல. ஏன் எண்டு கேட்டதுக்கு அங்க தட்டல் சொல்லிக் குடுக்கிற மிஸ் சொன்ன காரணம் எனக்குச் சரியாத்தான் பட்டிச்சு. இஞ்ச ஒராள் கவுன்சிலிங் எண்டு ஒரு கேற்றுக்குள்ள போறதக் கண்டாங்க எண்டா பொழுதுபடுறதுக்குள்ள "அவவுக்கு விசராம்" எண்ட கதை மூண்டு ஒழுங்கை தாண்டிரும், நாளைக்குப் புள்ளைக்குக் கலியாணம் பேசுற இடத்திலயும் அது வந்து நிக்கும். அதால தெரிஞ்ச ஆக்களிட்ட நம்பர் வாங்கி வாட்ஸப்ல கேட்டாத்தான் இடத்த அனுப்புவாங்க. அக்கம்பக்கத்து ஆக்கள் அத தையல் கிளாஸ் எண்டு நினைச்சிட்டு இருக்காங்க, அதுக்கு ஏத்த மாதிரி உள்ள ஒரு பழைய மெஷினும் கிடக்கு.

நான் போனது எண்ட மாமிக்காக, போகப் போக எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கிட்டன். மாமிட ஊர் நாவலடி. இஞ்ச உள்ள ஆக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவல்ல, வெளிய இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றன், ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, நடுவால ஒரு கீலம் மணல், 2004 மார்கழி 26 காலம்பற அந்த மணல்ல ஓடித் தப்ப இடமே இருக்கல்ல. மறுகா திராய்மடுவில வீடு குடுத்தாங்க, இப்ப அங்கதான் இருக்கா. இத்தின வருஷமாகியும் கடக்கரைப் பக்கம் கால் வைக்கமாட்டா, கல்லடிப் பாலம் தாண்டுற நேரம் ஆட்டோவுக்குள்ள முந்தானையால முகத்த மூடிக்குவா, மார்கழி பிறந்திச்செண்டா இரவில எழும்பி எழும்பி வாசல்ல போய் நிப்பா. எண்ட கதை வேற. நான் வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரை, சண்டைக் காலத்து ஷெல் சத்தத்தோட வளந்த ஆள், இப்பயும் சித்திரை வருஷத்துக்கு யாரும் வெடி கொளுத்தினா வயிறு சுருண்டு தாடை இறுகிரும், இரவில பல்லக் கடிச்சுக் கடிச்சு கடைசியில பல்லு டாக்டரிட்டப் போய் நிண்டதுதான் மிச்சம். அவர்தான் முதல்ல சொன்னார், இது பல்லுப் பிரச்சினை இல்ல தங்கச்சி எண்டு.

சுனாமி அடிச்ச ஊருக்கு மனசு பார்க்கிற இடத்தக் கடல் பக்கமா வச்சா எப்பிடி, அத அவங்க யோசிக்கல்லயா எண்டு எனக்கு முதல்ல கோவம்தான் வந்திச்சு. மாமி பாலம் தாண்டவே மாட்டன் எண்டு நிண்டுட்டா. அத வாட்ஸப்ல சொன்னதும் மிஸ் தானே ஸ்கூட்டியில திராய்மடுவுக்கு வந்தா, முதல் சந்திப்பு மாமிட மண்டபத்தில பாய் விரிச்சு, பிளேன்ரீயோட. அதுக்குத் தனியாக் காசும் எடுக்கல்ல. மூண்டரையில அரை அதுக்குக் குடுத்தது.

அண்டைக்குத் தட்டலே இல்ல. கிளினிக் கொப்பியக் கேட்டா, பிரஷருக்கு என்ன குளிசை, சீனி இருக்கா, வலிப்பு வந்திருக்கா, அண்மையில ஒப்பரேஷன் ஏதும் செய்ததா எண்டு எல்லாம் கேட்டு எழுதினா. உயிர விடணும் எண்டு நினைப்பு வாறதா எண்டும் சுத்தி வளைக்காம நேராக் கேட்டா. இத்தின வருஷத்தில அந்தக் கேள்விய மாமியிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல, நாங்களும் கேட்டதில்ல. மாமி "முந்தி வந்திச்சு, இப்ப இல்ல" எண்டு சாதாரணமாச் சொல்லிட்டு வெத்திலைய மடிச்சா.

இந்த முறையில வழமையா பயத்துக்கு 0 இருந்து 10 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லச் சொல்லுவாங்க, 0 எண்டா ஒண்டுமில்ல, 10 எண்டா தாங்கேலாது. மாமியப் போல ஆக்களிட்ட நம்பர் கேட்டா "எனக்குப் படிப்பில்ல புள்ள" எண்டு ஒதுங்கிருவாங்க. மிஸ் ஒரு போத்தல் மூடியில புளியங்கொட்டை பத்துக் கொண்டு வந்திருந்தா, "இப்ப நெஞ்சுக்குள்ள எவ்வளவு பாரம் இருக்கோ அத்தினைய எடுத்து வைங்கம்மா" எண்டா. மாமி பத்தையும் வச்சிட்டு மூடிக்குள்ள எட்டிப் பார்த்து "இது காணாது மிஸ்" எண்டா. எனக்குச் சிரிப்பும் வந்திச்சு, கண்ணும் கலங்கிச்சு.

இனித் தட்டலுக்கு வாறன். ரெண்டு விரல், ஆள்காட்டியும் நடுவிரலும். முதல்ல ஒரு கையின்ட ஓரம், சின்ன விரலுக்குக் கீழ சதையா இருக்குமே அந்த இடம், அத மற்றக் கையால தட்டிக்கிட்டே மனசில உள்ள பயத்த ஒரு வசனமாச் சொல்லணும். மறுகா உச்சந்தலை, புருவம் தொடங்கிற மூக்குப் பக்கம், கண்ணுக்கு வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்குக் கீழ, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவு, உதட்டுக்கும் நாடிக்கும் நடுவில உள்ள பள்ளம், கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழ, கடைசியா கம்மங்கூட்டுக்கு நாலு விரல் கீழ. ஒவ்வொரு இடத்திலயும் அஞ்சாறு தட்டு, மெதுவா, குத்தத் தேவல்ல. ஒரு சுத்து முடிய நீளமா மூச்சு விட்டு, திரும்பப் புளியங்கொட்டையப் பார்க்கணும், அவ்வளவுதான். பேர் இஎஃப்டி, சனம் டாப்பிங் எண்டு சொல்லும்.

அந்த வசனம் இப்பிடித்தான் வரும்: எனக்கு இந்தப் பயம் இருந்தாலும் நான் என்ன முழுசா ஏத்துக்கொள்றன். மாமி சொல்லமாட்டன் எண்டுட்டா. ரெண்டு புள்ளையள அலைக்குக் குடுத்திட்டு வந்த நான் என்னத்த ஏத்துக்கொள்ள எண்டு கேட்டா. மிஸ் வற்புறுத்தல்ல, விளக்கம் சொல்லவும் வரல்ல, "வசனம் வேணாம்மா, சும்மா தட்டுங்க, நானும் உங்களோட தட்டுறன்" எண்டுட்டு தன்ட முகத்தில தட்டத் தொடங்கிட்டா. நான் பார்த்த மட்டில அவட திறமை முழுக்க இதுதான், முறைய விட ஆளப் பார்க்கிறது.

பழைய முறையில இன்னொரு துண்டு இருக்கு, இப்ப கன பேர் அத விட்டுட்டாங்க, மிஸ் இன்னும் வச்சிருக்கா. புறங்கையில மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுப் பள்ளத்தத் தட்டிக்கிட்டே கண்ண மூடித் திறந்து, கீழ வலப்பக்கம் இடப்பக்கம் பார்த்து, கண்ணச் சுழட்டி, ஏதும் ஒரு பாட்ட முணுமுணுத்து, ஒண்டு ரெண்டு எண்ணி, திரும்ப முணுமுணுக்கணும். பார்க்க விளையாட்டா இருக்கும். மாமிட்ட பாட்டுப் படிங்க எண்டதும் அவ வைகாசிச் சடங்கில கண்ணகி அம்மனுக்குப் படிக்கிற குளுத்திப் பாட்டத்தான் எடுத்தா, முணுமுணுக்கச் சொன்னா இவ குரல் எடுத்தே படிச்சா, மிஸ் நிப்பாட்டவே இல்ல. படிச்சு முடியக் கொட்டாவி மேல கொட்டாவி. உடம்பு இறுக்கம் விடுற நேரம் கொட்டாவியும் கண்ணீரும் வாறது நல்லதுதான் எண்டு மிஸ் சொல்ல வாயெடுக்க, மாமி முந்திக்கிட்டா: "நாவூறு கழியுது."

இது எங்க இருந்து வந்திச்செண்டு நான் தேடி வாசிச்சன், ஏனெண்டா அந்த முன்னறைச் சுவரில ஒரு படம் தொங்குது, மனுச உடம்பு, மேல கீழ கோடுகள், சக்தி ஓடுற பாதையாம். எனக்கு அதக் கண்டாலே ஒரு சந்தேகம். அமெரிக்காவில ரோஜர் கலஹான் எண்டு ஒரு உளவியலாளர் 1980களில தொடங்கினது, அவர் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு வரிசையில தட்டணும் எண்டார். அவரிட்டப் படிச்ச கேரி கிரெய்க், ஸ்டான்ஃபோர்டில இஞ்சினியரிங் படிச்சவர், 1990களில வந்து இத்தின வரிசை என்னத்துக்கு, எல்லாத்துக்கும் ஒரே சுத்து காணும் எண்டு சுருக்கினார், அதுதான் இப்ப ஊர் உலகமெல்லாம் தட்டுறது. புள்ளியள் சீன அக்குபங்சர்ல இருந்து எடுத்தது.

எனக்குப் பிடிச்ச ஆய்வு ஒண்டு இருக்கு, 2003ல கனடாவில வந்தது. 119 மாணவர்கள நாலு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்குச் சரியான புள்ளியில தட்டச் சொன்னாங்க, அடுத்த கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில, மூண்டாவது கூட்டம் தன்ட உடம்பில இல்லாம ஒரு பொம்மையில தட்டிச்சு, நாலாவதுக்குத் தட்டலே இல்ல, கடதாசி விளையாட்டுப் பொருள் செய்யக் குடுத்தாங்க. கடைசியில முதல் மூண்டு கூட்டத்துக்கும் பயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைஞ்சிச்சு, கடதாசிக் கூட்டத்துக்கு மட்டும் குறையல்ல. பொம்மையில தட்டியும் குறைஞ்சிச்செண்டா அந்தச் சுவர்ப் படத்தில உள்ள கோட்டுக்கு என்ன வேலை? தட்டல் ஆக்கள் இதுக்குப் பதில் சொல்லுவாங்க, பொம்மையத் தட்டினதும் விரல்தானே, விரல் நுனியிலயும் புள்ளி இருக்கெண்டு. சொல்லட்டும். இன்னொரு ஆய்வு 2012ல வந்தது, 83 பேர், ஒரு மணித்தியாலத் தட்டலுக்குப் பிறகு எச்சில்ல உள்ள கோர்ட்டிசோல் எண்ட நெருக்கீட்டு ஹோர்மோன் 24 வீதம் குறைஞ்சிச்சு, சும்மா கதைச்ச ஆக்களுக்கும் ஓய்வா இருந்த ஆக்களுக்கும் 14 வீதமளவில. நல்ல செய்திதான், ஆனா அத நடத்தினவர்ல ஒராள் தட்டல் வகுப்பு நடத்திப் பிழைக்கிறவர், அதையும் மனசில வச்சுத்தான் வாசிக்கணும்.

எண்ட புத்திக்கு எட்டினது இதுதான். பயந்த விஷயத்த நினைச்சிட்டு இருக்கிற அதே நேரம் உடம்புக்கு ஒரு ஆபத்தும் இல்ல எண்டு காட்டுறம், கை ஒரு தாளத்தில அசையுது, மூச்சு நீளுது, பக்கத்தில நம்பிக்கையான ஒராள் அதையே செய்யுது. அழுற புள்ளைய மடியில போட்டு முதுகில தட்டுறம், அந்தத் தட்டுக்கு யாரும் வரைபடம் கேட்கிறல்ல. வெளிமூச்ச நீட்டி விட்டா இதயத் துடிப்பு இறங்கும், அது வேகஸ் நரம்பின்ட வேலை, மூளையில இருந்து வயிறு வரைக்கும் போற நரம்பு, அதுக்குப் படம் தேவல்ல. மிஸ்ஸிட்ட இத நேராவே சொன்னன். அவ கோவிக்கல்ல, "படம் நான் படிச்ச இடத்தில தந்தது, கழட்டிரலாம்" எண்டு சிரிச்சா. பிறகு போன நேரமும் தொங்கிச்சு.

தட்டல மட்டும் எழுதிட்டுப் போனா அநியாயம், அந்த அறையில நடக்கிறதில பாதிக்கு மேல வேற. வந்து குந்தின உடன செருப்பக் கழட்டி ரெண்டு காலையும் சீமெந்து நிலத்தில அழுத்தச் சொல்லுவா, குளிர் தெரியுதா எண்டு கேட்பா. அறையச் சுத்திக் கழுத்தக் கிறுக்கி மெதுவாப் பார்க்கச் சொல்லுவா, கதவு எங்க, யன்னல் எங்க, வெளியால போற வழி எது. மாமிக்கு இது சரியாப் பிடிச்சிச்சு, எந்த இடத்துக்குப் போனாலும் அவ முதல்ல பார்க்கிறதே ஓடுற வழியத்தானே, இஞ்ச அத ஒராள் செய்யச் சொல்லி அனுமதி குடுக்குது. எனக்குத் தாடை இறுகிற நேரம் உடம்பில இறுகாத இடம் ஒண்டத் தேடச் சொன்னா, நான் தேடிக் கண்டுபிடிச்சது காதுச் சோணைதான், தாடைக்கும் காதுக்குமா மாறி மாறிக் கவனத்தக் கொண்டு போகச் சொன்னா. பீட்டர் லெவின் எண்ட அமெரிக்கர்ட முறையாம். கேட்க ஒண்டுமில்லாத விஷயமா இருக்கு, ஆனா இப்ப பஸ்ஸில, ஒபிஸில நான் செய்யிறது தட்டல் இல்ல, இதத்தான்.

மற்றது வண்ணத்துப்பூச்சி அணைப்பு. ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்கால வச்சு, விரல் நுனி கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழ வாற மாதிரி, இடம் வலம் இடம் வலமா மாறி மாறித் தட்டுறது. 1997ல மெக்சிக்கோ அகபுல்கோவில போலின் சூறாவளி அடிச்ச பிறகு அந்தப் புள்ளையளோட வேலை செய்த லூசினா ஆர்ட்டிகாஸ் எண்ட பொம்பிளை உண்டாக்கினது. சூறாவளிக்குள்ள இருந்து வந்தது எண்டதாலயோ என்னவோ 1978ல மட்டக்களப்ப அடிச்ச சூறாவளியக் கண்ட மாமிக்கு இதுல ஒரு பிடிப்பு, இரவில எழும்பினா இதத்தான் செய்யிறா. கம்மங்கூடு தட்டுற வேலையும் இல்ல, ஆம்பிளையள் இருக்கிற இடத்திலயும் செய்யலாம். வண்ணத்துப்பூச்சி எண்டதும் எனக்கு எங்கட மட்டக்களப்பில 1996ல தொடங்கின வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காதான் ஞாபகம் வந்திச்சு, தமிழ்ப் புள்ளையளும் முஸ்லிம் புள்ளையளும் ஒண்டாப் போய்ப் படம் கீறி மண் பிசைஞ்சு கதை கட்டி விளையாடின இடம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு ஒண்டுமில்ல, ஆனா கையால உடம்பால செய்யிற வைத்தியம் இந்த ஊருக்குப் புதுசு இல்ல எண்டதுக்காகச் சொல்றன்.

நடுங்கல் பயிற்சி எண்டு இன்னொண்டு, டேவிட் பெர்செலி எண்டவர்ட. காலக் களைக்க வச்சு, மல்லாக்காப் படுத்து முழங்கால மடிச்சா தொடை தன்னால நடுங்கும், அத நிப்பாட்டாம விடணும். எனக்குச் செய்து முடிய உடம்பு இலேசாத்தான் இருந்திச்சு. மாமி நான் நடுங்கிறதக் கண்டதும் எழும்பிட்டா, இது சடங்கில உரு வாற மாதிரி இருக்கு, சடங்கு நடத்திற கட்டாடியார் இல்லாம தண்ணி தெளிச்சு இறக்க ஆள் இல்லாம இதச் செய்யக்கூடாது எண்டு. யோசிச்சுப் பார்த்தா அவ சொன்னதில நியாயம் இருக்கு, உடம்ப அவிழ்த்து விட்டா திரும்பக் கட்டுறதுக்கும் ஆள் வேணும். கர்ப்பிணியள், வலிப்பு உள்ள ஆக்கள், வெட்டுக் காயம் ஆறாத ஆக்கள் இதச் செய்யவே கூடாது, மிஸ் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கவும் மாட்டா.

இந்த இடத்த நான் ஏன் நல்லம் எண்டு சொல்றன் எண்டா, கதை கேட்கல்ல. அது பெரிய விஷயம். சுனாமி முடிஞ்ச கையோட எத்தினை ஆக்கள் வந்தாங்க, வெள்ளை வாகனம், தொப்பி, கொப்பி, கேம்ப்புக்குள்ள வந்து குந்தி என்ன நடந்திச்சு சொல்லுங்க, எல்லாத்தையும் கொட்டுங்க, கொட்டினா மனப்பாரம் குறையும் எண்டு ஒரே நாள்ல கேட்டு எழுதிட்டு அடுத்த கேம்ப்புக்குப் போயிட்டாங்க. புள்ளையளுக்கு கிரேயோன் குடுத்து அலையக் கீறச் சொன்னாங்க, கீறின படம் எங்க போச்செண்டு தெரியா. மாமி அந்த நேரம் கதை சொல்லிட்டு மூண்டு நாள் சாப்பிடல்லயாம். இப்ப உலக சுகாதார நிறுவனமே அப்பிடி ஒரே தரத்தில கதையக் கறக்கிறது வேணாம், உதவாது எண்டுதான் சொல்லுது. இஞ்ச மிஸ்ஸுக்கு மாமிட கதை இன்னும் முழுசாத் தெரியா. அலை எண்ட சொல்லக் கூட மாமி எடுத்தாத்தான் அவ எடுப்பா, "எட்ட நிண்டு பார்ப்பம், பக்கத்தில போக அவசரம் இல்ல" எண்டு சொல்லுவா.

ஞாயிற்றுக்கிழமை குறூப்பும் இருக்கு, அது 500 ரூபா. எனக்கு அது அவ்வளவா ஒத்துவரல்ல, அந்த அறைக்கு ஆக்கள் கூட, ஃபேன் ஒண்டுதான், முழங்கால் முழங்காலோட முட்டும். ஆனா அதுலதான் காத்தான்குடி ராத்தா ஒராளோட பழக்கம் வந்திச்சு. அவவுக்கு 1990 கலவரத்தில வாப்பாவையும் தம்பியையும் இழந்த கதை, அதுக்கு மேல 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு றோட்டில சோதனை சோதனையா நடந்தது வேற. உடுப்புக்கு மேலால கம்மங்கூடும் உச்சந்தலையும் தட்டக் கூச்சமா இருக்கெண்டு சொன்னதும் மிஸ் விரல்ப் புள்ளியளக் காட்டிக் குடுத்தா, பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், சின்ன விரல், நகத்துக்குப் பக்கத்து ஓரம், மற்றக் கையால அமத்தினாலே காணும், ஒருத்தரும் கவனிக்கமாட்டாங்க. கிரெய்க்கின்ட பழைய முறையில இந்தப் புள்ளியள் இருந்தது, பிறகு சுருக்கக்குள்ள விட்டுட்டாங்க. ராத்தா தஸ்பீஹ் உருட்டுற கையோட இதையும் சேர்த்துக்கிட்டா. 90ல தமிழ், முஸ்லிம் எண்டு ரெண்டு பக்கமும் பட்ட ஆக்கள் ஒரே பாயில குந்தி விரல் அமத்திக்கிட்டு இருக்கிறத நான் வேற எங்கயும் கண்டதில்ல.

இதே டாப்பிங்க ஹோட்டல் ஹோல்ல வச்சு விக்கிற ஆக்களும் இருக்காங்க, அவங்களிட்ட இருந்து தள்ளி நில்லுங்க. எண்ட கூட்டாளி ஒராள் 15,000 ரூபா கட்டி ரெண்டு நாள் கோர்ஸ் ஒண்டுக்கு என்னையும் இழுத்துட்டுப் போனா, யார் எவர் எண்டு சொல்லத் தேவல்ல, வெளிய இருந்து வந்த ஒருத்தர். சீனி இறங்கும், கென்சர் கரையும், கடன் தீரும் எண்டு எல்லாத்துக்கும் ஒரே தட்டு. ஒரு அம்மாவ மேடைக்குக் கூப்பிட்டு மைக்கக் குடுத்து நடந்ததச் சொல்லுங்க எண்டார், அந்த மனிசி சொல்லிட்டே வந்து ஒரு இடத்தில உடைஞ்சு கையும் காலும் விறைச்சுக் கீழ விழுந்திட்டா, அவர் தட்டுங்க தட்டுங்க எண்டு சத்தம் போட்டுட்டு மணிக்கூட்டப் பார்க்கிறார், லஞ்ச் வந்திட்டுதாம். பக்கத்தில இருந்த நேர்ஸ் ஒராள்தான் அவவ வெளிய கொண்டு போய்த் தண்ணி குடுத்து நிலத்தில குந்த வச்சது. பின்னேரம் எல்லாருக்கும் லெமினேட் பண்ணின சேட்டிபிக்கேற், இனி நீங்களும் வைத்தியம் செய்யலாமாம். ரெண்டு நாள்ல.

கல்லடி மிஸ்ஸுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு ஒரு நாள்தான் முழுசா விளங்கிச்சு. குறூப்புக்கு வந்த ஒரு அக்கா, தட்டத் தொடங்கின பிறகு நல்லா இருக்கு மிஸ், குளிசைய விடட்டா எண்டு கேட்டா. மிஸ்ஸிட முகம் மாறிட்டு. விடக்கூடாது, குறைக்கிறது கூட்டுறது எல்லாம் கிளினிக் டாக்டர்ட வேலை, விட்டீங்க எண்டா இஞ்ச வராதீங்க எண்டு கறாராச் சொல்லிட்டா. வேற ஒரு பொடியனுக்குக் காதில குரல் கேட்குது எண்டு தாய் கூட்டி வந்த நேரம் ஒரு தட்டும் தட்டல்ல, காசும் வாங்கல்ல, கடிதம் எழுதிக் குடுத்து ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அண்டைக்கே அனுப்பிட்டா.

ஆஸ்பத்திரி எண்டதும் ஒண்டு சொல்லணும். 2013ல உலக சுகாதார நிறுவனம் மனவடுவுக்குச் சொன்ன சிகிச்சையளுக்குள்ள தட்டல் இல்ல, முக்கியமா இருந்தது ரெண்டு, சிந்தனையையும் நடத்தையையும் திருத்துற சிபிடி வகை, மற்றது கண்ண இடம் வலமா அசைச்சு நினைவ நடத்திற ஈஎம்டிஆர், 1987ல பிரான்சீன் ஷபீரோ தொடங்கினது. எந்தச் சிகிச்சை நல்லம் எண்டு வழிகாட்டுற இங்கிலாந்தின்ர நைஸ் அமைப்பு 2018ல தட்டலப் பற்றி இன்னும் ஆய்வு செய்யுங்க எண்டு சொல்லி வச்சிருக்கு, செய்யுங்க எண்டும் சொல்லல்ல, தூக்கி எறியவும் இல்ல. எங்கட வடக்கு கிழக்கிலயே சுனாமி கேம்ப்புப் புள்ளையள் 31 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்து 2009ல வெளிவந்தது, பாதிப் பேர் தங்கட வாழ்க்கைய வரிசையாக் கதையாச் சொல்லிக் கோர்த்தாங்க, மற்றப் பாதி தியானமும் உடம்பத் தளர்த்திற பயிற்சியும். ஆறு மாசத்தால பார்த்தா ரெண்டு கூட்டத்திலயும் பெரும்பாலான புள்ளையளுக்குச் சுகம். உடம்பு வழியா வாறதையும் குறைச்சு எடை போடாதீங்க எண்டு அதக் காட்டித்தான் நான் மாமிட மகனோட சண்டை பிடிச்சது, அவர் இன்னும் "தட்டினா எல்லாம் சரி எண்டா நானும் உன்னத் தட்டுறன்" எண்டு பகிடிதான் விட்டுட்டு இருக்கார். ஆளுக்கும் இரவில நித்திரை இல்ல, அது வேற கதை.

குறையள். சுவர் மெல்லிசு, உள்ள ஒராள் அழுதா விறாந்தையில காத்திட்டு இருக்கிறவருக்கு எல்லாம் கேட்கும், காத்திருக்கிற ஆளும் அழத் தொடங்கிரும். மிஸ்ஸுக்கு ரேடியோ ஒண்டு போட்டு விடுங்க எண்டு சொல்லியாச்சு. வாட்ஸப்புக்குப் பதில் சரியான சுணக்கம். ஆம்பிளையளுக்குச் சொல்லிக் குடுக்க ஆம்பிளை ஆள் இல்ல, இந்த ஊரில பட்டது பொம்பிளையள் மட்டுமா? பௌர்ணமிப் போயா நாள் பூட்டு, அத முதல்ல சொல்லவும் மாட்டாங்க. 2000 எண்டது கூலிக்குப் போற ஆளுக்கு ஒரு நாள்ச் சம்பளத்துக்குக் கிட்ட, விதவைப் பொம்பிளையளுக்கும் தூரத்துக் கிராமத்து ஆக்களுக்கும் எடுக்கமாட்டாங்க எண்டாலும் அத வாய் விட்டுக் கேட்டாத்தான் தெரியும், கேட்கக் கூச்சப்படுற ஆக்கள்தான் கூட.

என்ன மாறினது எண்டு கேட்பீங்க. மாமி இன்னும் கடக்கரைக்குப் போகல்ல, போகணும் எண்டு ஒருத்தரும் சொல்லவும் இல்ல. போன மார்கழியில இரவு எழும்பினா, ஆனா வாசலுக்குப் போகாம பாயிலயே குந்தி நெஞ்சில கை வச்சுத் தட்டிட்டுத் திரும்பப் படுத்திட்டா. பாலத்தில முகத்த மூடுறது குறைஞ்சிட்டு, முழுசா நிக்கல்ல. கடைசியாப் போன நேரம் புளியங்கொட்டை ஆறு வச்சா, ஏழாவத கையில எடுத்து வச்சிட்டே யோசிச்சிட்டு இருந்தா. எனக்குப் பல்லுக் கடிக்கிறது குறைஞ்சிருக்கு எண்டு மனிசன் சொல்றார். வெடிச் சத்தத்துக்கு வயிறு இப்பயும் சுருளுது, ஆனா முந்தி அரை நாள் கிடக்கிற ஆள் இப்ப கால நிலத்தில ஊண்டி மூச்ச விட்டுட்டு அடுப்படிக்குப் போறன், பால் பொங்கணுமே.

போற ஆக்களுக்கு: வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போகாதீங்க, இறுக்கமான பிளவுஸ் வேணாம், கிளினிக் கொப்பிய மறக்காமக் கொண்டு போங்க. காசு கையில குடுக்கணும், கார்ட் எல்லாம் இல்ல. மார்கழிக்கு வேணும் எண்டா கார்த்திகையிலயே சொல்லி வைங்க. மனசு சரியில்லாம இரவில தனிய இருந்து யோசனை கெட்ட பக்கம் போகுதெண்டா இவங்கட பதிலப் பார்த்துட்டு இருக்க வேணாம், 1926க்கு அடிங்க, அது அரசாங்கத்தின்ட மனநல இலக்கம், தமிழ்லயும் கதைக்கலாம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து ஆக்கள் காலம்பற முதல் நேரத்தக் கேட்டு எடுங்க, முடிஞ்ச உடன பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி வச்சுக்காம ஒரு மணித்தியாலம் சும்மா குந்திட்டுப் போங்க, சில பேருக்குத் தலை சுத்தும்.